கதவு இடுக்குல நின்னு பாத்த பையன் கதை, பேரு யாருக்காச்சும் தெரியுமா?

கோட்டையூர்க்காரி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஒரு கதையோட பேரு தேடிக்கிட்டு இருக்கேன், கூகுள்ல தமிழ்ல போட்டாலும் இங்கிலீஷ்ல போட்டாலும் சிண்ட்ரெல்லா தான் வந்து நிக்குது. நான் அஞ்சாவது படிக்கையில டீச்சர் சொன்ன கதை. ஒரு பணக்கார வீட்டுல பிள்ளைகளுக்கு மட்டும் விருந்து, வந்த பிள்ளைங்க எல்லாம் எங்கப்பா அப்படி எங்கப்பா இப்படின்னு பீத்திக்குதுங்க, அடுப்படியில வேலை செஞ்ச ஒரு ஏழைப் பையன் கதவு இடுக்குல நின்னு எல்லாத்தையும் கேக்குறான், பின்னாடி அவன்தான் பெரிய ஆளா வர்றான். பேரோட கடைசி எழுத்தப் பத்தி என்னமோ ஒரு விஷயமும் வரும், அது சரியா ஞாபகம் இல்ல.

இப்ப எதுக்குன்னா, எம்பொண்ணு நாலாவது படிக்குது. ஸ்கூல் வேன்ல ஒரு பிள்ளை, எங்க வீட்டுல மூணு ஏசி உங்க வீட்டுல எத்தனைன்னு கேட்டிருக்கு, இது ஒண்ணுமே சொல்லாம வந்து எங்கிட்ட, ஏம்மா நம்ம ஏன் ஏசி வாங்கலன்னு கேக்குது. வெள்ளிக்கிழமை அவ கிளாஸ்ல அம்மாக்கள் யாராச்சும் வந்து கதை சொல்லலாம்னு சொல்லியிருக்காங்க, அதுக்கு இந்தக் கதைதான் சரின்னு தோணுச்சு.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், இந்தக் கதை என் மனசுல ஒட்டிக்கிட்டதுக்கு காரணம் இருக்கு. எங்கம்மா ஒரு பெரிய வீட்டுல அடுப்படி வேலை. அந்த வீட்டு ஐயாவுக்கு அறுபதாம் கல்யாணம், ஊரே திரண்ட மாதிரி கூட்டம், மெட்ராஸ் சிங்கப்பூர்னு எங்கெங்கயோ இருந்து பேரன் பேத்திங்க வந்திருந்தாங்க. எனக்கு எட்டு வயசு, கிரைண்டர் ஒண்ணு பத்தலன்னு ஆட்டுக்கல்லுலயும் போட்டு ஆட்டுனாங்க, வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு தள்ளிவிடுறதுதான் என் வேலை. கை எல்லாம் மாவு. ரெண்டாங்கட்டு கதவு பாதி தொறந்திருந்துச்சு, அது வழியா பாத்தா வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, அந்தப் பிள்ளைங்க ஆத்தங்குடி கல்லுத் தரையில சறுக்கி சறுக்கி விளையாடுதுங்க. எனக்கும் சறுக்கணும்போல இருந்துச்சு. அதுல ஒரு பொண்ணு என்னைப் பாத்துட்டு கிட்ட வந்து, "உங்க வீட்டுக்கு என்ன விலாசம்?"னு கேட்டுச்சு. நான் நம்ம வீட்டுக்கு வரப்போகுதோன்னு நெனச்சு, தெரு பேரு, பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி, கதவு நம்பர் எல்லாம் ஒழுங்கா சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எதுக்கு சிரிச்சாங்கன்னு எனக்கு ஒம்பதாவது படிக்கையிலதான் புரிஞ்சுச்சு.

கதை தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மழைமேகம்

தி பிரின்ஸ் அண்ட் த பாப்பரா இருக்குமோ? மார்க் ட்வைன் எழுதுனது, 1881. ஏழைப் பையனும் இளவரசனும் டிரஸ்ஸ மாத்திப்பாங்க.

கோட்டையூர்க்காரி

இல்லங்க, அதுல ஆள் மாறாட்டம்ல, அது படமாவே பாத்துட்டோம். இதுல யாரும் யாரா மாறல. சும்மா பேச்சுதான் கதையே.

மதுரை_இட்லி

விலாசம்னா அட்ரஸ் தானே, அதுக்கு ஏன் சிரிக்கணும்? நான் மதுரைக்காரன், புரியல.

பர்மா வீட்டுப் பேரன்

மதுரை_இட்லி தம்பி, நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார் வீடுகள்ல விலாசம்னா இனிஷியல். கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பான்னு மூணு நாலு எழுத்து வரிசையா வரும், அதுதான் குடும்பத்துக்கும் கடைக்கும் பேரு. ஒரே ஊர்ல அம்பது சிதம்பரம் இருப்பாக, அறுபது முத்தையா இருப்பாக, ஏன்னா ஐயா, அதாவது தாத்தா பேரத்தான பேரனுக்கு விடுறது. அப்ப இரங்கூன்லயும் பினாங்குலயும் உண்டியல், அதான் பணம் அனுப்புற சீட்டு, எழுதுறப்ப எந்த முத்தையான்னு தெரிய வேணாமா, அதுக்குத்தான் எழுத்து. கணக்குப் புள்ளைக்கு வசதியா வச்சது, பிற்பாடு பெருமையாகிப் போச்சு. எழுத்து கூடக்கூட வீடு பழசு, பெரிசுன்னு ஒரு நெனப்பு.

தங்கச்சி, அந்தப் பிள்ளை கேட்டது அதத்தான். நீங்க சொன்னத படிச்சதும் எனக்கு சிரிப்பு வரல. நானும் சின்னதுல அப்படிக் கேட்டிருக்கேன், யாருகிட்ட கேட்டேன்னு கூட ஞாபகம் இல்ல, அதுதான் கஷ்டமா இருக்கு.

தேவகோட்டை வாத்தியார்

அம்மா, நீங்க தேடுறது ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் கதை. டென்மார்க்காரர், 1859-ல வந்தது, இங்கிலீஷ்ல சில்ட்ரன்ஸ் பிராட்டில்னு போடுவாங்க, தமிழ்ல குழந்தைகள் பேச்சுன்னு வச்சுக்கலாம், பிராட்டில்ங்கிறது வாய்க்கு வந்தத வளவளன்னு பேசுறது. ரொம்பச் சின்னக் கதை, ரெண்டு பக்கம் வந்தா ஜாஸ்தி. தீக்குச்சி விக்கிற பொண்ணு கதை, வாத்துக்குஞ்சு கதை அளவுக்கு இது பேரெடுக்கல, அதான் தேடுனா கிடைக்கல. நான் ரிட்டையர் ஆகுற வரைக்கும் வருஷா வருஷம் ஆறாம் வகுப்புக்கு இதச் சொல்லிடுவேன், அதனால அப்படியே ஒப்பிக்கிறேன்.

ஒரு பெரிய வியாபாரி வீட்டுல பிள்ளைங்க விருந்து. அந்த வியாபாரி படிச்சவர், நல்ல மனுசன், ஆனா அவரோட அப்பா மாடு வாங்கி விக்கிறவரா இருந்து சம்பாதிச்சவர், இத ஆண்டர்சன் மொதல்லயே சொல்லிடுறார், சும்மா சொல்லல. விருந்துக்கு வந்த பிள்ளைங்கள்ல ஒண்ணு அரண்மனை உத்தியோகஸ்தர் மக. அது சொல்லுது, பிறப்புன்னு ஒண்ணு இருக்கணும், அது இல்லாம எவ்வளவு விழுந்து விழுந்து படிச்சாலும் ஒண்ணும் ஆக முடியாதுன்னு. அப்புறம்தான் நீங்க மறந்த அந்தக் கடைசி எழுத்து சமாச்சாரம், பேரு "சென்"னு முடியிறவங்க உலகத்துல எதுக்கும் ஆக மாட்டாங்க, அவங்கள கிட்ட சேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, கைய இடுப்புல வச்சு முழங்கைய கூரா நீட்டி, இப்படித் தள்ளி நிப்பாட்டணும்னு செஞ்சு காட்டுது. இந்த எடத்துல நான் கிளாஸ்ல நடிச்சுக் காட்டுவேன், பிள்ளைங்க எல்லாம் ஒருத்தர ஒருத்தர் முழங்கையால இடிச்சுக்கிட்டு ரகளை பண்ணும்.

இப்ப விருந்து வச்ச வியாபாரி பேரே மாட்சென். அவர் மகளுக்கு ரோசம் வந்துருச்சு. எங்கப்பா நூறு ரிக்ஸ்டாலருக்கு மிட்டாய் வாங்கி வீசி எறிவாரு, உங்கப்பாவால முடியுமான்னு கேக்குது. ரிக்ஸ்டாலர்னா அந்தக் காலத்து டேனிஷ் காசு. மூணாவதா ஒரு பத்திரிகைக்காரர் மக, எங்கப்பா உங்கப்பா, உங்கப்பா, எல்லா அப்பாவையும் பேப்பர்ல போட்டுருவாரு, எங்கப்பாவுக்கு எல்லாரும் பயப்படுவாங்கன்னு எங்கம்மா சொல்லுச்சுன்னு சொல்லுது. அந்த "எங்கம்மா சொல்லுச்சு"வ கவனிங்க.

வெளிய கதவு இடுக்குல அந்தப் பையன். அடுப்புல கம்பியில கோத்த கறிய சுத்தி சுத்தித் திருப்பிவிடுற வேலை பாத்தான், அதுக்காக சமையக்காரம்மா கதவுகிட்ட நின்னு பாக்க விட்டுச்சு. அவனுக்கு அதுவே பெரிய சந்தோசம். ஆனா இவங்க பேசுறது காதுல விழுந்ததும் மனசு சுருங்கிப் போகுது, ஏன்னா அவன் வீட்டுல பேப்பர் வாங்கவே காசு கிடையாது, அவன் அப்பா பேரும் அவன் பேரும் "சென்"லதான் முடியுது. வருஷம் ஓடுது. ஊர்ல ஒரு பெரிய மாளிகை, உள்ள அத்தனையும் அழகழகான பொருள், வெளியூர்லருந்து எல்லாம் வந்து பாக்குறாங்க. யாரு வீடு அதுன்னு கேட்டா, அந்தப் பையனோடது. அவன் பேரு தோர்வால்சென்.

மழைமேகம்

அட, ஆண்டர்சன் பேரே "சென்"லதானே முடியுது 😀

தேவகோட்டை வாத்தியார்

அதே. டேனிஷ்ல "சென்"னா மகன், இன்னாரோட மகன்னு அர்த்தம், சாதாரண ஜனங்க பேரு. ஆண்டர்சன் ஓடன்சேங்கிற ஊர்ல 1805-ல பொறந்தார், அப்பா செருப்புத் தைக்கிறவர், அம்மா துணி வெளுத்துக் கொடுத்தவங்க. 14 வயசுல தனியா கோபன்ஹேகன் போய் பெரிய மனுசங்க வீட்டு வாசல்ல எல்லாம் நின்னவர். கதவு இடுக்கு எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியாதா.

தோர்வால்சென்னும் நெசமான ஆள், சிற்பி, 1770-ல பொறந்தவர், ரோம்ல நாப்பது வருஷம் இருந்து உலகப் பேரு வாங்குனவர். ஆண்டர்சனுக்கு ரோம்லயே பழக்கம். அதுக்காக அடுப்படியில கறி திருப்புனது அவர் வாழ்க்கையில நடந்ததுன்னு எடுத்துக்காதீங்க, அது கதைக்காரர் கைவேலை. கதையில வர்ற மாளிகை உண்மைதான், கோபன்ஹேகன்ல தோர்வால்சென் மியூசியம், 1848-ல தொறந்தாங்க. ஆனா அவர் 1844-லயே போய்ச் சேந்துட்டார், அந்த வீட்டுக்கு நடுவுல இருக்குற முத்தத்துலதான் அவரப் பொதச்சிருக்காங்க. நம்ம ஊரு பாஷையில சொன்னா வளவு நடுவுல.

ஆசாரி வீட்டுப் பையன்

வாத்தியார் ஐயா ஒண்ண விட்டுட்டீங்க, தோர்வால்சென்னோட அப்பா மரச் சிற்பி. ஐஸ்லாந்துலருந்து வந்தவர், கப்பல் முகப்புல வைக்கிற பொம்மை எல்லாம் செதுக்குனவர். இத நான் எங்கயோ படிச்சதும் எனக்கு என்னமோ நம்ம சொந்தக்காரர் மாதிரி ஆயிட்டார். எங்க தாத்தா தச்சு வேலை, கானாடுகாத்தான் பக்கம் நிறைய வீட்டுல நிலையும் கதவும் அவரு கைதான். தேக்கு பர்மாவுல இருந்து வந்துச்சு, மார்பிள் இத்தாலியில இருந்து வந்துச்சுன்னு டூரிஸ்ட்டுக்கு கைடு சொல்லுவாரு, அந்த நிலைக்கு மேல கஜலட்சுமிய செதுக்குனது எங்க இருந்து வந்த கைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, எங்கயும் பேரு வெட்டல. எங்க தாத்தா கடைசி காலத்துல என்னைக் கூட்டிட்டுப் போய் ஒரு வீட்டுல அவர் செஞ்ச கதவக் காட்டுனாரு, யானை தும்பிக்கையில ஒரு மடிப்பு கூடுதலா விழுந்திருக்கும், உளி வழுக்கிருச்சுடா அத மடிப்பாக்கிட்டேன்னு சொல்லி விரல அதுல வச்சு தடவிக்கிட்டே நின்னாரு. வாட்ச்மேன் வந்து போகச் சொல்லிட்டான்.

ஆனா எனக்கு இந்தக் கதை முடிவு புடிக்கல. அந்தப் பையன் உலகப் புகழ் சிற்பி ஆனதால அந்தப் பொண்ணு பேசுனது தப்புன்னு ஆகுது. அவன் சிற்பி ஆகாம, அதே அடுப்படியிலயே சமையக்காரனா ஆகியிருந்தா? அப்ப அது பேசுனது சரின்னு ஆயிருமா? எங்க தாத்தா தோர்வால்சென் ஆகல. அவரு கதவுகிட்டயேதான் நின்னாரு, சொல்லப்போனா அந்தக் கதவையே அவருதான் செஞ்சாரு.

மழைமேகம்

அப்படிப் பாத்தா நம்ம கண்ணதாசனச் சொல்லலாம்ல, சிறுகூடல்பட்டியில பொறந்து எட்டாவது வரைக்கும்தான் படிச்சாரு, காரைக்குடியில இப்ப மணிமண்டபமே இருக்கு.

ஆசாரி வீட்டுப் பையன்

கவிஞர் மேல எனக்கு உசுரு, ஆனா அவரும் நகரத்தார் வீடு, வளவுக்குள்ள இருந்த பிள்ளை தான் மழைமேகம், கஷ்டம் இருந்துச்சு, சுவீகாரம் போனாரு, எல்லாம் சரி. கதவுக்கு வெளிய நின்னவர் இல்ல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதீங்க.

பர்மா வீட்டுப் பேரன்

ஆசாரி தம்பி சொன்னதுக்கு நான் மறுப்பு சொல்ல வரல. எங்க வீட்டுக் கதவப் பத்திச் சொல்றேன். எங்க அப்பச்சியோட ஐயா பர்மாவுல கடை வச்சிருந்தாக, ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப கடைய அப்படியே விட்டுட்டு நடந்தே வந்து சேந்தாக. மிச்சம் மீதி இருந்ததும் அறுபதுகள்ல அந்த ஊரு அரசாங்கம் எடுத்துக்கிருச்சு. வந்ததுக்கு அப்புறமும் வீடு இருந்துச்சு, விலாசம் இருந்துச்சு, வீட்டுக்கு வெள்ளையடிக்கத்தான் காசு இல்ல. பங்காளி பதினாலு பேரு, ஒரு புள்ளி, அதாவது ஒரு பங்காளி குடும்பம், கையெழுத்துப் போடலன்னா ஓடு மாத்த முடியாது. கடைசியில தூண், நிலை, எனாமல் சாமான்னு ஒவ்வொண்ணா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு கடைக்குப் போச்சு. எங்க முகப்புக் கதவு இப்ப எந்த ஓட்டல்ல நிக்குதோ. அதுலயும் ஒரு ஆசாரி கை இருந்திருக்கும், எங்க வீட்டுல ஒருத்தருக்கும் அவர் பேரு தெரியாது, நெசம்தான்.

ஆனா ஒண்ணு. வாத்தியார் "எங்கம்மா சொல்லுச்சு"ன்னு காட்டுனாரே, அதத்தான் நான் புடிச்சுக்கிட்டேன். நாங்க விலாசம் கேட்டது எங்க மூளையில உதிச்சதா? அப்பத்தா யாரு வந்தாலும் மொதக் கேள்வி எந்த ஊரு, எந்தக் கோயில் பிரிவு, என்ன விலாசம். பெரியவுக கல்யாணம் பேசக் கேட்டாக, நாங்க அத விளையாட்டுக்குக் கேட்டோம். பிள்ளை வாயில வர்றது பூரா பட்டாலையில உக்காந்து பெருசுக பேசுனது.

பொதுவா எல்லாரும் கதவச் சாத்திக்கிட்டே இருந்தாகன்னும் எழுதிராதீக, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்துத்தான் காரைக்குடிக்கு சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வந்துச்சு, காலேஜ் வந்துச்சு, அதுல படிச்சவுக யாரு பிள்ளைன்னு பாருங்க.

ஆசாரி வீட்டுப் பையன்

அண்ணே நானே அந்தக் காலேஜ்ல தான் படிச்சேன், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. முடிவு மேலதான் கோவம்.

தேவகோட்டை வாத்தியார்

தம்பி, முடிவுல இன்னும் ஒரு வரி இருக்கு, அத நான் மேல சொல்லாம விட்டுட்டேன், வேணும்னே இல்ல, கிளாஸ்லயும் பல வருஷம் விட்டிருக்கேன். மத்த மூணு பிள்ளைங்களும் என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு, அவங்களும் நல்லாத்தான் வந்தாங்க, அன்னைக்குப் பேசுனது வெறும் பிள்ளைப் பேச்சுன்னு முடிச்சுர்றார். எனக்கு அது ரொம்ப நாள் உறுத்திச்சு. பெரிய மனுசங்க வீட்டுல சாப்பிட்டே வாழ்ந்தவர், அவங்களப் பகைச்சுக்காம கதைய முடிக்கிறாரோன்னு தோணும். இப்ப வயசான பிறகு அப்படித் தோணல, அந்தப் பொண்ணும் சின்னப் பிள்ளைதானே, அத ஆயுசுக்கும் குத்தவாளியாக்கி என்ன பண்றது. உங்க கேள்விக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல. சமையக்காரனா ஆகியிருந்தா ஆண்டர்சன் கதை எழுதியிருக்க மாட்டார், அதுதான் உண்மை.

அம்மா, பிள்ளைங்களுக்குச் சொல்லும்போது "சென்"ன அப்படியே வைக்காதீங்க, விளங்காது. நான் "பேரு சாமின்னு முடியிறவங்க"ன்னு மாத்திச் சொல்லிப் பாத்தேன், கிளாஸ்ல மூணு சாமி இருந்தானுங்க, ஒருத்தன் அழுதுட்டான். அதனால யாருக்குமே இல்லாத எழுத்தாப் பாத்துப் போடுங்க.

கோட்டையூர்க்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நெனைக்கல. பர்மா வீட்டு அண்ணே, நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க, அந்தப் பொண்ணு அன்னைக்கே சாயங்காலம் வந்து எங்கிட்ட சீப்புச் சீடை குடுத்துட்டுப் போச்சு, அதையும் எழுதியிருக்கணும், விட்டுட்டேன்.

வெள்ளிக்கிழமை போய்ச் சொல்லிட்டு வந்து எழுதுறேன்.

கோட்டையூர்க்காரி

சொல்லிட்டேன்! வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி முழங்கை வச்சு நடிச்சுக் காட்டுனேன், கிளாஸே கலவரம், மிஸ் உள்ள வந்து பாத்துட்டுப் போனாங்க. "சென்"னுக்குப் பதிலா பேரு "டிங்"னு முடியிறவங்கன்னு வச்சேன், அதுக்கே ஒரு பத்து நிமிஷம் சிரிச்சுதுங்க, இப்ப எல்லாம் ஒண்ண ஒண்ணு டிங்னு கூப்பிட்டுக்குதாம், நல்லதுக்குப் பண்ணேனா கெடுதலுக்குப் பண்ணேனா தெரியல. மூணு ஏசி பிள்ளையும் முன்னாடி பெஞ்சுல உக்காந்து நல்லாக் கேட்டுச்சு, அது எங்க வீட்டுல நெனச்ச மாதிரி எல்லாம் இல்ல, பாவம், பல்லு ரெண்டு விழுந்து சின்னதா இருக்கு. சிற்பி ஆனான், மியூசியம் கட்டுனாங்கன்னு நான் சொன்னது ஒருத்தருக்கும் பெருசாப் படல. நூறு காசுக்கு வாங்குன மிட்டாய்ல தான் எல்லாக் கண்ணும், என்ன மிட்டாய், கடலை மிட்டாயா சாக்லேட்டா, வீசி எறிஞ்சத யாரு பொறுக்குனாங்கன்னு ஒரே கேள்வி.

கடைசியில அந்த மூணு ஏசி பிள்ளை கைய தூக்கி, அந்தப் பையனுக்கு விருந்துல சாப்பாடு குடுத்தாங்களா ஆன்ட்டின்னு கேட்டுச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, குடுத்திருப்பாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஐயா, கதையில அது இருக்கா?

தேவகோட்டை வாத்தியார்

எடுத்துப் பாத்தேன்மா. கறி திருப்புனான்னு இருக்கு. கதவுகிட்ட நிக்க விட்டாங்கன்னு இருக்கு. சாப்பிட்டானான்னு எழுதல.